பென்சில் புள்ளி

பதினோரு முட்டை. ஒவ்வொன்றின் உச்சியிலும்
ஒரு பென்சில் புள்ளி வைத்தேன்:
இது மேல். இது மாறக் கூடாது.
கோழி புரட்டிப் புரட்டி அடைகாக்கும்.
சோளப்பாம்பின் முட்டையைப் புரட்டினால்
உள்ளே ஒட்டிக்கொண்ட உயிர்
தன் மஞ்சளிலேயே மூழ்கிப்போகும்.

புத்தகங்கள் எல்லாம் சூடேற்றத்தான் சொல்லித் தருகின்றன,
குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை.
அஸ்தம்பட்டியில், மே மாதத்தில்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில்
முப்பத்தாறில் நிற்கிறது பாதரசம்.
எனக்கு வேண்டியது இருபத்தெட்டு.
மேட்டூர் மீன் வந்த தெர்மாகோல் பெட்டி,
நாலு பக்கமும் ஐஸ் தண்ணீர் பாட்டில்.
அதை மாற்ற, ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து
மதியம் ஒரு ஓட்டம், மூன்று மணிக்கு இன்னொன்று,
பச்சைப் பிள்ளைக்காரி மாதிரி.

முட்டைகள் குழி விழுந்தன.
ஈரம் போதவில்லை என்று தெளித்தேன்.
ஒன்று சுருங்கியே போனது.
இன்னொன்றில் பூஞ்சை.
ஈரம் அதிகமாம்.

பதினெட்டாம் நாள் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ராத்திரிக்குள் வராது என்றார்கள்.
ஏற்காடு பஸ்ஸில் ஏறினேன், மடியில் பெட்டி.
"என்னம்மா அது?"
"முட்டை."
"மேல கிடைக்காதா?"
"இந்த முட்டை கிடைக்காதுங்க."
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

இருபது கொண்டை ஊசி.
பஸ் சாயச் சாய
பெட்டியைச் சாய விடாமல் தூக்கிப் பிடித்தேன்,
தளும்பும் சொம்பைப் பிடிப்பது போல.
ஒன்பதாவது திருப்பத்தில்
பக்கத்து சீட்டுப் பையன் என் தோளில் வாந்தி எடுத்தான்.
துடைக்கக் கை இல்லை.

எமல்டா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
அவள் சமையலறையில் ராத்திரி பத்தொன்பது டிகிரி.
கீழே ஐஸ் சுமந்தவள்
மேலே வெந்நீர்ப் பை சுமந்தேன்.
சிரித்துச் சிரித்து இருமினாள் அவள்.

எழுபத்து நாலாம் நாள்
ஓட்டில் ஒரு கீறல். பிளேடு போட்ட மாதிரி.
இரண்டு நாளில் எட்டு.
ஒன்றின் முதுகு மட்டும் முடிச்சாக வளைந்திருந்தது.
அஸ்தம்பட்டிச் சூடா, நான் கவனிக்காத ஒரு திருப்பமா?
"இப்ப அதைக் கேட்டு என்ன பண்ண?" என்றாள்.
அதன் பெயர் ஒன்பது.

கடைசி முட்டை திறக்கவே இல்லை.
டார்ச் அடித்தால் நிழல் அசைகிறது,
அல்லது என் கை அசைகிறது.
பன்னிரண்டு வருடமாக
நரம்பு தேடித் தேடி ஊசி குத்துகிறவள்
அன்றைக்கு
நரம்பு இல்லாத இடம் தேடினேன்.
புள்ளிக்குப் பக்கத்தில், நகக்கண் அகலம்,
கத்தரி வைத்தேன்.

ஒரு குமிழி வந்தது. உடைந்தது.
அப்புறம் ஒரு மூக்கு.
என்னைப் பார்த்தது, எமல்டாவைப் பார்த்தது,
திரும்ப உள்ளே போய்விட்டது.

அதற்கு இன்னும் மஞ்சள் பாக்கி இருக்கிறது.
கத்தரியைக் கழுவி வைத்தேன்.
எமல்டா டீ போடப் போனாள்.