ஆறின கணக்கு

குருநகர் இறங்குதுறைக்குப் பின்னால்
ஒரு தகரக் கூரை.
கீழே கொம்பிறசர், நான், வரிசையில் பதினொரு சிலிண்டர்.
பின்னேரம் மூன்று மணி வெக்கையில்
காற்றைப் பிடித்துக்
காற்றின் மேலேயே திணிக்கிறேன்.
நெருக்கினால் அதற்கும் உடம்பு சுடும்.
தொட்டால் அப்போதுதான் இறக்கிய புட்டுப்பானை.
மீற்றரில் ஊசி இருநூறு.
இருநூறுக்குத்தான் காசு.

இரவு ஒன்றரைக்குக் கரை திரும்பிய பொஸ்கோ
நேரே வந்து என் படலையில் அடித்தான்.
"எமில்டாக்கா, நூற்றி எண்பத்து மூண்டு!
தண்ணியில இறங்க முதலே நூற்றி எண்பத்து மூண்டு!
மிச்சப் பதினேழும் ஆற்றை வயித்துக்கை?"
பதினேழு என்றால்
ஆறு பாக ஆழத்தில் ஐந்து நிமிடம்.
ஐந்து நிமிடம் என்றால் எட்டு அட்டை.
எட்டு அட்டை இன்றைய விலையில்...
ஈரக் காற்சட்டையோடு நின்று
பெருக்கிக்கொண்டே போனான்.
நாய்கள் எழும்பின.
பக்கத்து வீட்டு றீற்றம்மாவும்.

அவன் திறக்காமல் கொண்டுவந்த ஒரு சிலிண்டரின் வால்வில்
சவர்க்கார நுரை பூசிக் காட்டினேன்.
ஒரு குமிழி இல்லை.
"ஒருத்தரும் எடுக்கேல்லை, பொஸ்கோ.
போட்ட காத்து முழுக்க உள்ளுக்கைதான்.
சூட்டில ஓடி ஓடிச் சுவரை இடிச்சது,
இப்ப ஆறுதலா இடிக்குது.
ஊசிக்கு இடியைத்தான் எண்ணத் தெரியும்,
ஆக்களை எண்ணத் தெரியாது."
அவன் நம்பவில்லை.
விடியட்டும் என்றேன்.

மறுநாள் பத்தரைக்கு அதே சிலிண்டரைச்
சீமெந்துத் தரையில் வெயிலுக்குக் கிடத்தினோம்.
குழாய் இல்லை. கொம்பிறசர் வாய் மூடிக் கிடந்தது.
நாங்கள் இருவரும்
பூவரச நிழலில், மீற்றர் தெரிகிற தூரத்தில்.
நூற்றி எண்பத்தெட்டு.
இடையில் அவன் ஒரு பிளேன்ரீ குடித்தான்.
நூற்றித் தொண்ணூற்றி மூன்று. ஏழு.
இருநூறைத் தொட்டதும்
"இந்தா உன்ரை பதினேழு" என்றேன்.
ஊசி அங்கே நிற்கவில்லை.
இருநூற்றி ஒன்று, இரண்டு.
"போதுமக்கா, போதும்" என்று எழும்பி ஓடினவன்
தானே ஈரச் சாக்கை எடுத்துப் போர்த்தி
உருட்டி உருட்டி நிழலுக்குள் கொண்டுவந்தான்.
இராத்திரி கேட்ட பதினேழைப்
பகலில் அவனுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து
மெதுவாக நிரப்புகிறேன்.
மைம்மலில் இன்னொருமுறை தட்டிக் கொடுக்கிறேன்.
கொப்பியில் இரண்டு கோடு கிழித்தாயிற்று:
சூடு, ஆறினது.
ஆறினதுக்குத்தான் காசு;
டீசல் நட்டம் என்ரை பாடு.
பொஸ்கோ மீற்றரைப் பார்க்க முதல்
சிலிண்டரில் புறங்கையை வைத்துப் பார்க்கிறான்.

அவன் பிடித்து வருகிற அட்டை
அவிந்து, காய்ந்து, முதலாளியின் தராசுக்குப் போகையில்
பத்துக் கிலோ ஒன்றாகிறது.
அங்கே உண்மையாகவே குறைகிறது.
அதற்கு இதுவரை
ஒருத்தருடைய படலையிலும் அவன் அடிக்கவில்லை.