ரிவர்ஸ் விழாத மூன்று வாரம்

மூன்று வாரமாக
நேரே வெளியேறக்கூடிய இடம் பார்த்தே நிறுத்துகிறேன்.
ஹம்ரியாவில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு.
மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தினால்
காலையில் நியூட்ரலில் போட்டு பிரேக்கை விட
தானே பின்னால் இறங்கி வரும்.
சூப்பர்மார்க்கெட்டில் அந்த வசதி இல்லை.
கடைசி வரிசையில், கொளுத்தும் வெயிலில்,
முன்னும் பின்னுமாக இரண்டு இடம் காலியாக இருந்தால் உண்டு.
இல்லாவிட்டால் அன்றைக்குத் தயிர் கிடையாது.

"முன்னால மட்டும்தான் போகும்னா நல்ல சகுனம்தானே"
என்றாள் அறைத்தோழி ரெக்ஸலின்.
அவளிடம் கார் இல்லை.

2010 சன்னி. சாம்பல் நிறம்.
இரண்டு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர்.
ஐந்தாவது ரோடு டெஸ்டில் லைசென்ஸ் கிடைத்த வாரம்
ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எகிப்துக்காரர் ஒருவரிடம் வாங்கியது.
ஏசி மட்டும் இன்றைக்கும் பனி கொட்டும்.

வாதி கபீரில் குல் ஸமான்
ஆயில் குச்சியை உருவி
வெள்ளை டிஷ்யூவில் ஒரு கோடு இழுத்தார்.
நான் லேபில் வேலை பார்ப்பவள்,
நாள் முழுக்கச் சிவப்பையே பார்க்கிறவள்.
சிவப்பாக இருக்க வேண்டியது
கடுங்காப்பியாக இருந்தது. கருகின வாசனை வேறு.
அவர் வாயைத் திறக்குமுன்
ரிசல்ட் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கியர்பாக்ஸ் மாத்தணும் சிஸ்டர்.
ஸ்க்ராப்பில ஒண்ணு இருக்கு, நூத்திருபது ரியால்.
கூலி நாற்பது. ஆயில் பதினைஞ்சு.
எவ்வளவு நாள் ஓடும்னு மட்டும் கேக்காதீங்க."
அவருடைய உருது எனக்குள் இப்படித்தான் இறங்கியது.
கேட்கவில்லை.
எங்கள் லேபிலும் அதைச் சொல்வதில்லை.

வியாழன் மாலை, ஷோரூம்.
எடுத்தால் நேரே ரோட்டில் ஏறுகிற மாதிரி
முந்தின நாளே பார்த்துவைத்த இடத்தில் நிறுத்தினேன்.
ஷிபின் என்று பேட்ஜ் குத்திய பையன்
கதவைத் தட்டிப் பார்த்தான், குனிந்து டயரைப் பார்த்தான்,
ரவுண்டானா வரை ஒரு சுற்று ஓட்டி வந்து
அதே இடத்தில் நேராக விட்டான்.
பின்னால் போக அவனுக்கு ஒரு அவசியமும் வரவில்லை.
அறுநூற்றைம்பது என்று எழுதினான்.

புதுக் காருக்கு மாதம் எழுபத்தெட்டு ரியால்.
அறுபது மாதம்.
என் விசா இருபத்துநாலு மாதம், அதில் ஏழு போய்விட்டது.
பதினேழும் அறுபதும் ஒரே தாளில்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

பேனா என் கையில்.
கையெழுத்துப் போட்டால் இனி அது அவன் பாடு.
"ரிவர்ஸ் விழாது" என்றேன்.
நேர்மை என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.
ஆனால் அந்த நேரம் என் தலைக்குள் இருந்தது
அறுபது மட்டும்தான்.

நிமிராமலே அதை அடித்துவிட்டு
இருநூறு என்று எழுதினான்.
அப்புறம் நிமிர்ந்து,
"எந்தினா சேச்சி பறஞ்ஞது?" என்றான்.
தண்ணீர் பாட்டில் ஒன்றை நகர்த்தி வைத்தான்.

சனிக்கிழமை குல் ஸமானின் பட்டறையில்
என் வண்டி வயிறு திறந்து தூக்கில் நிற்க,
பக்கத்தில் ஒரு வெள்ளைச் சன்னி,
முன்பக்கம் நசுங்கி.
பின்கதவில் பாதி உரித்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.
யாருடையது என்று கேட்க வாய் வரவில்லை.
அதன் கியர்பாக்ஸ்தான்.

மக்ரிப் பாங்கு முடியும்போது சாவி கைக்கு வந்தது.
வெளியே வர ஒரே வழி பின்னால்தான்,
இரண்டு பக்கமும் கதவில்லாத வண்டிகள்.
ஆரில் போட்டேன்.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
அப்புறம் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன உதறல்.
மூன்று வாரப் பழக்கம்,
கால் பிரேக்கை விடமாட்டேன் என்கிறது.
கண்ணாடியில் குல் ஸமான்
கிரீஸ் கையை அசைத்து அசைத்து
"ஆனே தோ, ஆனே தோ" என்று
பின்னாலேயே நடந்துகொண்டிருக்கிறார்.