பட்டை காயும் வரை

களியலில் மணி பத்தரை. பிரேசிலில் மத்தியானம்.
இரண்டு இடத்திலும் மழை.

வேதப்புத்தகத்தில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ஷாஜி
"அந்த எரைச்சலக் கொஞ்சம் கொறை விஜிலா" என்கிறார்.
குறைத்தால் எஞ்சின் கொசுவாகிவிடுகிறது.

இருபது வண்டி. எனக்கு ஒன்று போதும்.
முப்பத்தெட்டாம் நம்பர், பாசி நிறம்.
ஓட்டுகிறவன் பெயர் என் வாயில் நிற்காது,
முப்பத்தெட்டு என்றுதான் கூப்பிடுகிறேன்.
ரப்பர் மரத்தையும் அப்படித்தான் கூப்பிடுவேன்,
யாரும் கேட்காதபோது.

மரமே அந்த நாட்டிலிருந்து வந்ததுதானாம்.
வண்டிகளுக்குப் பின்னால் தெரிந்த மேட்டில் தேடினேன்.
குடை, குடை, விளம்பரப் பலகை.

லிஜு ஜித்தாவிலிருந்து வாய்ஸ் அனுப்புகிறான்.
அங்கே பந்தயத் தடத்துக்குச் சுவர் அடுக்கிய கொழுந்தன்;
பந்தய நாளில் அவனுக்கு வேறு சைட்டில் வேலை.
"மைனி, அந்த டயர்ல ஒங்க பாலு ஒரு சொட்டு கெடையாது,
எல்லாம் எண்ணெயில காய்ச்சுனதாக்கும்."
இருக்கட்டும்.
நான் டயருக்காக விழித்திருக்கவில்லை.

முப்பத்தோராம் சுற்றில் அவன் நாலாவது.
நாலாவது!
தண்ணீர்ப் புகையில் முன்வண்டி தெரியவில்லை,
அதன் பின்விளக்கு மட்டும், சிவப்பாக ஒரு பொட்டு.
அதையே பிடித்துக்கொண்டு போகிறான்,
மூன்று மணி இருட்டில் ஸெலினின் முதுகைப் பிடித்து
நான் வெட்டுக்குப் போவது மாதிரி.

டயர் தேய்ந்தது. உள்ளே வா என்றார்கள். வந்தான்.
நாலு சக்கரம், மூன்று நொடி.
வெளியே போகும்போது பன்னிரண்டாவது.
அடுத்த சுற்றில் எவனோ சுவரில் போய்ச் செருகினான்,
சிவப்புக் கொடி.
பந்தயம் நின்றது.
நின்ற இடத்தில், சும்மா, சாவகாசமாக
எல்லாரும் புது டயர் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு சுற்று.
ஒரே ஒரு சுற்று பொறுத்திருந்தால்.

நான் போட்ட "சே"யில் ஷாஜி எழுந்து உட்கார்ந்தார்.
சொன்னேன். கேட்டார். தண்ணீர் குடித்தார்.
"நம்ம ஷீட்ட வித்த கணக்கா" என்றார்.
செவ்வாய்க்கிழமை தொண்ணூறு கிலோ கொடுத்தோம்,
கிலோ நூற்றி எழுபத்தெட்டு.
வெள்ளிக்கிழமை நூற்றித் தொண்ணூற்றாறு.
பிறகு அவர் படுக்கவில்லை.
போனைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டே காலுக்கு மறுபடி விட்டார்கள்.
மழை விட்ட தடத்தில் ஒரு கோடு காய்கிறது,
ஒரு வண்டி அகலம்தான்.
கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவனுக்கு வண்டி சுழல்கிறது.
முப்பத்தெட்டு தாண்டித்தான் ஒருவனை முந்தினான்.
ஷாஜி என் முழங்கையைப் பிடித்துவிட்டு
உடனே விட்டார்.

முடிந்தபோது பதினொன்று.
புள்ளி பத்துப் பேருக்குத்தான்.
வண்டியிலிருந்து அவன் இறங்கவில்லை,
தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.
கேமரா இரண்டு நொடி நின்று பார்த்துவிட்டு
நுரை தெறிக்கிற இடத்துக்குப் போய்விட்டது.

ஓட்டில் சத்தம் இல்லை.
எப்போது விட்டது மழை, இரண்டு பேருக்கும் தெரியாது.

நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினோம்.
முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
"காஞ்சாச்சு" என்றார்.
"ஒரு மணிக்கூர் போட்டும்" என்றேன்.
ஈரப் பட்டையில் வெட்டினால்
பால் கோட்டில் நிற்காது, மரத்தின் உடம்பெல்லாம் வழியும்.
காத்திருந்தால் இன்னொரு மழை வரலாம்.
வானத்தில் நட்சத்திரம் ஒன்றுமில்லை,
பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு மின்னல் மட்டும்,
சத்தமில்லாமல்.

இங்கே உள்ளே வா என்று சொல்ல ஆளில்லை.

இந்த ஒரு மரத்தில் மட்டும் பார்க்கலாம் என்று
சாய்த்து ஒரு வெட்டு வைத்தேன்.
இரண்டு விளக்கையும் அதன்மேல் பிடித்து நிற்கிறோம்.

வெள்ளையாக ஊறுகிறது.
கோட்டில் இறங்கத் தொடங்குகிறது.
சிரட்டைக்கு இன்னும் ஒரு முழம்.