அறுபத்து மூன்று பெட்டிகள்

கேட் இறங்கிவிட்டது.
சைரனை அணைத்தேன்; ரயிலுக்கு அது கேட்காது.
எகிபாஸ்துஸ் நிலக்கரி,
பனியில் ஊர்ந்து, ஒவ்வொரு பெட்டியாக.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
ஆறாவது கிலோமீட்டரில்
தொலேகென் தரையில் கிடக்கிறார்.
மருமகள் நெஞ்சை அழுத்துகிறாள்;
என் பக்கத்தில் ரௌஷான் போனில் எண்ணிக் கொடுக்கிறாள்:
பத்து, பதினொன்று, விடாதே, பதினெட்டு.

நான் பெட்டிகளை எண்ணினேன்.
இரண்டு எண்ணிக்கையும் ஒருமுறை
இருபத்தேழில் சேர்ந்தன.
பிறகு பிரிந்தன.

போய்ச் சேர்ந்தபோது
அவள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்,
முழங்கை வரை மாவு.
ரொட்டி பிசைந்த கையோடு ஓடிவந்திருக்கிறாள்.
அவர் சட்டையில் வெள்ளையாய் இரண்டு உள்ளங்கை.
அவர் நெஞ்சில் இருந்த அசைவு
அவளுடையது மட்டுமே.

படிவம் கேட்டது: தாமதம், நிமிடத்தில்.
ரௌஷான் எழுதினாள்: பதினொன்று.
காரணம் என்ற இடத்தில்
என்னைப் பார்த்தாள்.

"அறுபத்து மூன்று" என்றேன்.