கச்சான்

எட்டாம் வாட்டில் இரவுக்கு நாங்கள் இரண்டு பேர்.
நாற்பத்தொரு கட்டில். நிலத்தில் பாய் போட்டு இன்னும் ஆறு.
தினூஷி தள்ளும் மருந்து வண்டியில்
ஒரு சில்லு கிறீச்சிடும்.
அதைக் கேட்டதுமே பன்னிரண்டாம் கட்டில்
கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும், ஊசிக்கு முன்பே.

ஆட்களை இலக்கத்தால் அழைப்பது
மனமில்லாமல் இல்லை.
அவசரத்தில் நாக்கு பெயரில் தடுக்கும்,
இலக்கத்தில் தடுக்காது.

பத்தொன்பது: உதுமாலெவ்வை, கிண்ணியா, அறுபத்துமூன்று வயது.
களைத்த இருதயம். நெஞ்சில் நீர்.
ஒக்சிசன் முகமூடியைக் கழற்றிக் கழற்றி
என்னிடம் ஒன்றையே கேட்டார்.
"மிஸி, கச்சானா?"

ஆடி மாதம். மின்விசிறி சூட்டைத்தான் கிண்டியது.
நான் செட்டிகுளத்தாள்,
எனக்குத் தெரிந்த கச்சான்
படலைக்குப் பின்னால் பிடுங்கி
மண்ணோடு அவித்துத் தின்றது.
"இப்ப ஒண்டும் சப்பக் கூடாது ஐயா,
டொக்டர் சொன்னவர்," என்றேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
கோபமில்லை. சிங்களத்தில் பதில் சொன்னவளைப்
பார்ப்பதுபோல் இருந்தது.

ஒரு மணிக்கு மூத்திரப் பையில் நூற்றிருபது.
இரண்டுக்குத் தொண்ணூறு.
மூன்று மணிக்குக் கையால் யன்னலைக் காட்டினார்.
வெளிச்சம் கேட்கிறாரென்று திரையை விலக்கினேன்.
கீழே வீதியில் கோட்டைப் பக்கத்து மான் இரண்டு
யாரோ எறிந்த சோற்றுப் பையை இழுத்துக்கொண்டு நின்றன.
"கச்சானா?"
"விடியட்டும் ஐயா, வாங்கித் தாறன்."

பொய் சொல்லிப் பழகிய தொழில் இது.
வலிக்காது, கொஞ்சம்தான், இப்ப வருவினம்.
பதிவேட்டில் மட்டும் பொய் இல்லை.
அதில் இங்கிலீசில் எழுதினேன்:
மனத்தடுமாற்றம். தின்பண்டம் கேட்கிறார்.

நாலு ஐம்பத்தாறு.
சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தொன்பது.
நெஞ்சில் குத்திய என் கைக்கடிகாரம்
மற்றவர்களுக்குத் தலைகீழ், எனக்கு மட்டும் நேர்.
என்னுடையதையே எழுதினேன்.
செபமாலை திரைத்தட்டியை உருட்டி வந்து
செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.
அவன் எப்போதும் அப்படித்தான், யாருக்கென்றாலும்.
பள்ளியில் பாங்கு தொடங்கியபோது
தாடையைத் துணியால் கட்டி முடித்திருந்தோம்.

மருமகன் வந்தார், ஒப்பமிட்டார், கொண்டுபோனார்.
அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு.
ஏழரைக்கு நான் பகல்காரியிடம்
சாவியும் கணக்கும் ஒப்படைக்கும் நேரம்
கால்மாட்டில் ஒரு பெடியன் வந்து நின்றான்.
நனைந்த சாரம், டீசல் நாற்றம்,
கையில் இன்னும் கயிறு அறுத்த சிவப்பு.
வெறும் விரிப்பைப் பார்த்தான்.
அழவில்லை. என்னிடம், ஏதோ
பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்தவன்போல,
காரணம் சொன்னான்.

"கச்சான் மிஸி.
இரவு முழுக்கக் கரையிலயிருந்து அடிச்சிது.
வள்ளத்த வெளியே தள்ளிட்டே இருந்திச்சி.
வாப்பா சொன்னாரு போகாதடா எண்டு.
அதான் சுணங்கிட்டு."

நான் தினூஷியைப் பார்த்தேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
விளக்க எனக்கு வாயில்லை.

பதிவேட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.
எங்கள் பிழையை நாங்கள் அழிக்கக் கூடாது,
வெள்ளை மை பூசக் கூடாது.
கீழே இருப்பது தெரியும்படி
ஒரேயொரு கோடு, பக்கத்தில் கையெழுத்து.
கோடு போட்டேன்.
மேலே, இடமில்லாத இடத்தில், எழுதினேன்:
நோயாளி தெளிவாக இருந்தார்.
காற்றை விசாரித்தார்.

"இதென்ன?" என்றாள் பகல்காரி.
"கையெழுத்து வைச்சிருக்கிறன்தானே," என்றேன்.

டச்சுக்குடாவில் பஸ்ஸுக்கு நின்றபோது
முகம் கடலுக்கு, முதுகு ஊருக்கு.
வேர்த்துப்போன சட்டைக்குப் பின்னால்
சூடாக ஒரு கை வைத்ததுபோல் தள்ளியது.

ஓம் ஐயா.
கச்சான்தான்.