பூச்செடிதான் சார்

நர்சரியில் இரண்டையும் தூக்கிக் காட்டினான் பெனடிக்ட்.
ஒரு கறுப்புப் பையில் அசேலியா,
இப்போதே நான்கு மொட்டு.
இன்னொன்றில் விக்கி:
ஒரு குச்சி, ஐந்து இலை,
அதிலொன்றை ஏதோ தின்றிருந்தது.
அசேலியா நூற்றைம்பது. விக்கி நாற்பது.

எங்கள் வீட்டு வாசலில் எட்டடி மண்.
எங்கள் என்பது வாய்ப்பழக்கம்.
பதினொரு மாத ஒப்பந்தம்,
ஆணி அடிக்கவும் ஓனரைக் கேட்க வேண்டும்.

"கோத்தகிரியில யாருக்குடி வேணும் நிழல்?"
போஜன் சிரித்தார்.
"ஜூலையில தொவச்ச யூனிஃபார்ம்
மூணு நாளா அடுப்புக்கு மேல தொங்குது.
வர்ற ஒரு கை வெயிலையும்
மரத்துக்குக் குடுத்துருவியா?"

நியாயம்தான்.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
வெயிலின் பின்னால் நகர்கிறவர்கள் நாங்கள்.

ஆனால் போன ஏப்ரலில்
மார்க்கெட் கடையில் மின்விசிறிக்கு ஆள் நின்றது.
நாங்களும் ஒன்று வாங்கினோம்.
போர்வையில் சுற்றி,
சாராயப் பாட்டில்போல் மறைத்து
மேடேறிக் கொண்டுவந்தார்.
மேசை விசிறிதான்.
இந்தத் தெருவில் வீடு கட்டிய எவரும்
கூரையில் கொக்கி விட்டதில்லை.
இரவெல்லாம் அது
இடமும் வலமுமாகத் தலையாட்டி
இல்லை இல்லை என்றது.

எனக்கு நாற்பத்தொன்பது.
விக்கிக்கு நிழல் விழ இருபது வருஷம்.
அசேலியா என்றால் தொட்டியில் வைக்கலாம்;
வீடு மாறும் நாளில்
கேஸ் சிலிண்டருக்கும் டிவிக்கும் நடுவே
லாரியில் உட்கார்ந்து கூடவே வரும்.
மரம் வராது.
மரத்துக்கு ஒப்பந்தம் வாசிக்கத் தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்து ஓனர் போன்:
"மரம் கிரம் வெச்சிராதீங்க,
வேர் போயி சுவத்தைப் பொளந்துரும்.
பூச்செடி ஏதாச்சும் வைங்க."

பூச்செடிதான் சார், என்றேன்.
பொய்யில்லை.
விக்கியும் பூக்கும்,
ஓரம் கிழிந்த வெள்ளைப் பூ,
இருபது வருஷத்தில் அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

சுவரிலிருந்து தள்ளி, சாலைப் பக்கம்,
யாருடையதென்று சர்வேயரும் சொல்லாத ஓரத்தில் நட்டேன்.
காட்டுமாடு மிதிக்காதிருக்க
உண்ணிமுள் வெட்டிச் சுற்றி வைத்தேன்.
கையெல்லாம் கீறல்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால்
கொடிக்கயிறு இடம் மாறியிருந்தது.
போஜன்தான்.
ஒரு வார்த்தை சொல்லாமல்,
ஆறாவது இலையும் வராத ஒன்றின்
நிழலுக்கு ஒதுங்கி,
அந்தப் பக்கத் தூணில் இழுத்துக் கட்டியிருந்தார்.
என் சேலை ஈரம் சொட்டச் சொட்ட
அங்கே ஆடிக்கொண்டிருந்தது.