நடு வரி

இன்சூரன்ஸ் மேசை தரைத்தளத்தில்,
மருந்துக்கடைக்கும் பார்க்கிங் சீட்டுக் கூண்டுக்கும் நடுவே.
இரவு இரண்டேகாலுக்கு அங்கே விழித்திருப்பது
பசவராஜு மட்டும்தான்.
மூன்றாம் மாடியில் ஜோவிட்டா
பச்சை முகமூடிக்குள் மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.
மஞ்சள்தான் வேண்டும் என்று அழுதாள்.
அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்ததால்
பாதியில் விட்டுவிட்டாள்.

"ப்ரைமரி மெம்பர் யாரு மேடம்?"
அவளுடைய அப்பா.
"எங்க இருக்காரு?"
புனே.
"நீங்க?"
கம்மனஹள்ளி.
"அது இல்ல மேடம். இந்தப் பாலிசில நீங்க யாரு?"

போன வருடம் வரை இருந்தேன்.
ராபின்சன், அடியில் நான், அதற்கும் அடியில் அவள்.
பிப்ரவரியில் தீர்ப்பு.
ஏப்ரலில் பாலிசியைப் புதுப்பித்தபோது
நடு வரியை எடுத்துவிட்டார்கள்.
மேல் வரியும் கீழ் வரியும்
இடைவெளியே தெரியாமல் ஒட்டிக்கொண்டன.

நானும் ஒன்று எடுத்தேன், என் சம்பளத்தில்.
"வீசிங் இருக்கா? அப்ப அதுக்கு மட்டும்
மூணு வருஷம் வெயிட்டிங்" என்றார் ஏஜென்ட்,
ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்பதுபோல.
ஆக, கால் ஒடிந்தால் என்னுடையது,
மூச்சு திணறினால் அவருடையது.
பிள்ளையை இப்படிப் பிரித்துக் கொடுக்க
நீதிபதிக்குக்கூடத் தோன்றவில்லை.

ஓடிபி புனேக்குப் போகும்.
இரவு ஒன்பதுக்கு மேல் அழைப்பதில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
"எத்தனை பஃப் குடுத்த?"
ஆறு.
"ஸ்பேசர் வச்சா?"
வச்சுதான்.
"இரு, வருது…
நாலு, ஏழு, ஏழு, பூஜ்யம், ரெண்டு, ஒம்போது."
பின்னால் யாரோ மராத்தியில் ஏதோ கேட்டார்கள்.
டிவியாகவும் இருக்கலாம்.
அது என் டிபார்ட்மென்ட் இல்லை.

பசவராஜு ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள்
எண் காலாவதியாகிவிட்டது.
"இன்னொந்து சல கேளி மேடம்."
இன்னொரு முறை கேட்டேன்.

அடுத்த எண் வரும்வரை
இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை.
லிஃப்ட் வந்து, யாரும் இறங்காமல், மேலே போனது.
அப்புறம் அவர்தான் ஆரம்பித்தார்:
அஹமதாபாத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது.
இங்கே விட்டு அங்கே சேர்வதற்குள்
பத்து நாள் அவளுக்குக் கவர் இருக்காது.
"மே மாசம் சேர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.
மேல அவளுக்கு வராதுல்ல?"

வேலைக்குச் சேரும் நாளை
ஒரு மனிதர் மகளின் நெஞ்சுக்கூட்டைப் பார்த்து
குறித்திருக்கிறார்.
இதை எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது
என்று எனக்குத் தெரியவில்லை.
பெங்களூரில் மே மாதமே மழை பிடித்துவிடும்,
அது புனேயிலிருந்து பார்த்தால் தெரியாது.
"மார்ச்சுல சேருங்க" என்றேன்.
"சரி, மார்ச்" என்றார்.
எண் வந்தது. சொன்னார். வைத்துவிட்டார்.

மூன்றரைக்கு அப்ரூவல்:
அறை உண்டு, டாக்டர் உண்டு, மருந்து உண்டு.
"மாஸ்க்குக்கு மட்டும் குடுக்க மாட்டாங்க மேடம்,
கன்ஸ்யூமபிள்ஸ்.
முந்நூத்தி நாப்பது, கைல கட்டணும்."

பர்ஸில் இரண்டு இருநூறுகள் இருந்தன.
நீட்டிய கையை இழுத்துக்கொண்டு கேட்டேன்,
"காசு என்னோடதுன்னா,
மஞ்சள் கிடைக்குமா?"

பசவராஜு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான்.
பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு
மருந்துக்கடைப் பக்கம் போனான்,
ஷட்டரைத் தட்ட.